குனியாமல் எடுக்க ஒரு சோப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஷவர் குழாயில் மாட்டுகிற கிளாம்ப் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு, அது நிற்கவில்லை என்று அதைச் செய்த கம்பெனியையும், கொண்டுவந்து கொடுத்த கூரியர்க்காரரையும், பொதுவாக இரும்பு என்ற உலோகத்தையும் ஒரு காலைப்பொழுது முழுக்க வைதவன் நான். கிளாம்பின் மேல் பெரிதாக ஓர் அம்புக்குறி இருந்தது. நான் மாட்டிய நிலையில் அது தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இந்தப் பக்கம்தான் போகும் என்று நமக்குத் தெரிவிக்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் கீழே போகும் என்பதை அம்பு போட்டுச் சொல்ல வேண்டுமா, என்ன திமிர் என்று அதற்கும் சேர்த்து வைதேன்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கோபப்பட என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இருக்கிறது. நான் நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தர். அறுவடைக் காலம் முழுக்க ஈரப்பதம் அதிகம் என்று சொல்லிச் சொல்லி, ஊர்க் கோபம் அத்தனையையும் நின்ற இடத்தில் வாங்கிக்கொள்கிறவன். கோபம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஏராளம். அந்தப் பயிற்சியை எல்லாம் இந்த வருடம் குடவாசலில் ஒரு வாடகை வீட்டின் குளியலறையில் பயன்படுத்த நேர்ந்தது.

விஷயம் என் மனைவியின் முதுகு. அவள் தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சை நகர்த்தப்போய், நகர்ந்தது பெஞ்சா முதுகெலும்பா என்று தெரியாமல் அப்படியே உறைந்து நின்றாளாம். தஞ்சாவூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நிக்கலாம், நடக்கலாம், படுக்கலாம். குனியக் கூடாதும்மா. கீழ தங்கக் கட்டியே கிடந்தாலும் குனியக் கூடாது” என்றார்.

தங்கக் கட்டி கிடக்கட்டும். சோப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கோபம்.

எங்கள் பக்கத்தில் குளியலறை கட்டுகிறவர்கள், மனிதர் நின்றுகொண்டும் குளிப்பார் என்பதை இன்னும் நம்பவில்லை. குழாய் முழங்கால் உயரத்தில். அதன் கீழே பக்கெட். சோப்பு வைக்கிற மாடம் குழாய்க்குப் பக்கத்திலேயே, சுவரில் புதைத்து, அதுவும் முழங்கால் உயரத்தில். மணையில் உட்கார்ந்துகொண்டு, மக்கை விட்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறவருக்காக அளவெடுத்துச் செய்த அறை. உட்காரவும் முடியாத, குனியவும் முடியாத ஒருத்தி அந்த வீட்டில் வாழ நேரலாம் என்று கொத்தனாருக்கும் தோன்றவில்லை, வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. குடியேறும்போது கதவைத் திறந்து பார்த்து, “பரவால்ல, நல்லா இருக்கே” என்று சொன்ன எனக்கும் தோன்றவில்லை.

உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, பக்கெட்டை அதன்மேல் ஏற்றி, குழாயிலிருந்து ஒரு ஹோஸ் விட்டோம். தண்ணீர் பிரச்சினை தீர்ந்தது. சோப்பு, சீயக்காய்த் தூள், மஞ்சள், பீர்க்கங்காய் நார் இவையெல்லாம் எங்கே நிற்கும்? இன்னொரு ஸ்டூல் போட்டால் குளிக்கிறவர் வெளியே நிற்க வேண்டும். அறை அவ்வளவுதான். ஜன்னல் விளிம்பு என்று ஒன்று கிடையாது. தலைக்கு மேலே ஒரு வென்டிலேட்டர், அதில் ஒரு பல்லிக் குடும்பம்.

ஆகவே, சீர்காழிப் பக்கத்திலிருந்து மனைவியின் அக்கா வந்தார். எனக்கு அண்ணி முறை. தங்கை குளிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே நின்று, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக நீட்டுவார். அண்ணிக்கு அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. “சின்னப் புள்ளயில இவள நான்தான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன்” என்று சிரிப்பார். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் நடந்துவந்தால் பள்ளிக்கூட வராந்தாவே அடங்கும். அப்படிப்பட்டவள் ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வரும்போது, யாரிடமோ திட்டு வாங்கியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். டாக்டர் அனுமதித்த குனிவு அது ஒன்றுதான்.

ஒரு நாள் சொன்னாள். “கதவச் சாத்திக்கிட்டுத் தனியாக் குளிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“அண்ணி ஊருக்குப் போனதுக்கப்புறம் நான் வேணா வந்து நிக்கிறேனே” என்றேன் பெரிய மனதோடு.

“வேணாம்.”

“ஏன்? கல்யாணமாகி இத்தன வருஷம்...”

“நீங்க பேசுவீங்க.”

அண்ணிக்கு ஊரில் நடவு. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்காலில் நாற்று தயாராக நிற்கிறது. “நாத்து முத்திடும் தம்பி. முத்துன நாத்த நட்டா தூர் வெடிக்காது, கிளைக்காம நின்னுடும். உங்க சகலை ஒத்த ஆளா நின்னு முழிச்சிக்கிட்டிருப்பாரு” என்று காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் சொல்லத் தொடங்கியிருந்தார். ஆக, அவர் பஸ் ஏறுவதற்குள் நெஞ்சு உயரத்தில் ஒரு தட்டு வேண்டும். அவ்வளவுதான். வீடு கேட்கவில்லை, வயல் கேட்கவில்லை, ஒரு தட்டு.

கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரரிடம் போனேன்.

“சார், பாத்ரூம்ல ஒரு தட்டு மாட்டணும். டிரில் வச்சு ரெண்டே ரெண்டு ஓட்டை.”

“டைல்ஸ்லயா?”

“டைல்ஸ்லதான் சார். அந்த உயரத்துல டைல்ஸ்தானே இருக்கு.”

“அதுல கை வைக்காதீங்க சார். டைல்ஸ்னா கண்ணாடி மாதிரி. டிரில் வச்சீங்கன்னா கோடு விட்டுரும்.”

“பாத்ரூம் உள்ள யாரு சார் வந்து பாக்கப்போறா?”

“நான் பாப்பேன்” என்றார்.

எப்போது பார்ப்பார், எதற்குப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்குப் பின்னால், அவர் வீட்டு வரவேற்பறை டைல்ஸில் கடிகாரம் ஒன்று, காலண்டர் ஒன்று, மருமகனின் பட்டமளிப்புப் படம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஆணி அடித்தால் அது அலங்காரம். நான் அடித்தால் கோடு விடும்.

அவரையும் ஒரு வகையில் பாராட்டத்தான் வேண்டும். தன் கொள்கையைத் தனக்கே எதிராகவும் கடைப்பிடித்தவர். வீடு கட்டி முடித்த பிறகுதான் ஷவர் என்ற ஆசை அவருக்கு வந்திருக்கிறது. குழாயைச் சுவருக்குள் விட வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டும். அது நடக்காது. அதனால் கீழ்க்குழாயிலிருந்து ஒரு ஸ்டீல் குழாயைச் சுவருக்கு வெளியிலேயே நேராக மேலே ஏற்றி, டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேல் ஒரே ஒரு பிடி கொடுத்து, நுனியில் ஷவரை வைத்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்திருப்பதால் வேகம் கிடையாது. திறந்தால் அந்த ஷவர் அழும், அவ்வளவுதான். ‘ஷவர் இருக்கு’ என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வதற்காக வைத்த ஷவர்.

ஆனால் அந்தக் குழாய் என் கண்ணில் பட்டது. ஓட்டை போடாமல், குழாயைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தட்டைத் தாங்குகிற கிளாம்ப் ஒன்று இருக்கிறது என்று போனில் தேடிக் கண்டுபிடித்து வரவழைத்தேன். இரண்டு தாடைகள், நடுவே ஒரு திருகு, உள்பக்கம் ரப்பர். பெட்டியின் மேல் ஒரு படம். அதிலிருந்த குளியலறை எங்கள் கூடத்தைவிடப் பெரிது. தட்டில் மூன்று புட்டிகள், ஒரு தொட்டிச் செடி. குளிக்கிற இடத்தில் செடி எதற்கு? அந்த ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்கி வைக்கிறார்கள் போலும். எங்கள் குளியலறைச் சுவருக்கு வெளியே அரசங்கன்று யாரும் கேட்காமலே முளைத்து, பிடுங்கப் பிடுங்க வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று புட்டியும் ஒரு செடியும் என்று படம் போடுகிறவனுக்கு, ஒரு சோப்பைக் குனியாமல் எடுப்பதற்காகவும் ஒரு ஜீவன் இதை வாங்கும் என்று தெரியுமா?

மாட்டினேன். தலைகீழாக. வைதேன். அந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். திருப்பி அனுப்புவதற்காகக் கழற்றியபோது, கையில் புரண்ட கிளாம்பின் அம்பு என் முகத்தைக் காட்டியது. சத்தமில்லாமல் நேராக மாட்டினேன். இப்போது அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தாழ் விழுந்த சத்தத்தை நானும் அண்ணியும் கோயில் மணி மாதிரி கேட்டுக்கொண்டு நின்றோம். குளித்துவிட்டு வந்தவள் நிமிர்ந்து வந்தாள். “காப்பி இருக்கா?” என்றாள், பள்ளிக்கூடக் குரலில். அண்ணி உடனே ஊருக்குப் போன் போட்டு, “திங்கக்கிழமை வந்துர்றேன், ஆள் சொல்லி வைங்க” என்றார். நான் சட்டைப் பொத்தானைப் போடாமலே தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். சாதித்தவன் நடை அது.

சனிக்கிழமை நான் வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை வழிய வழியத் தேய்த்து, ஊறி, பழைய துண்டு ஒன்றால் துடைத்து, துண்டை ஷவர் குழாயின் நுனியில் போட்டு, குளித்தேன். ஒற்றைக் காலில் நின்று பாதம் தேய்க்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டேன். தட்டு துளிகூட ஆடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. கிளாம்பை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது இறங்கியது.

விழவில்லை, கவனியுங்கள். விழுந்திருந்தாலாவது பரவாயில்லை. சரசரவென்று குழாயோடு இறங்கியிருக்கிறது, பந்தியில் இடம் கிடைத்தவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மாதிரி. இறங்கி, கீழ்க்குழாயில் முட்டி, சீயக்காய் டப்பாவைக் கவிழ்த்தது. டப்பா உருளும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே “அம்மா” என்ற சத்தம் கேட்டது. இறங்குகிற தட்டைப் பிடிக்க அவள் கை தானாகப் போயிருக்கிறது, கையோடு முதுகும் போயிருக்கிறது.

“தாழத் திறடி” என்று அண்ணி கதவைத் தட்டினார். நான் கதவை உடைக்கலாமா என்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து வந்து தாழை நீக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அன்று பகல் முழுக்கக் கூடத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். டாக்டரிடம் போனில் பேசினோம், மாத்திரை சொன்னார், சாயங்காலத்துக்குள் வலி தணிந்தது. தணியாதது வேறு. கூரையைப் பார்த்துக்கொண்டே, “அக்கா உள்ளயே நிக்கட்டும்” என்றாள். கேட்டதிலேயே வலிக்கிற வாக்கியம் எனக்கு அதுதான். அண்ணி கட்டிலோரத்திலிருந்து எழுந்தார். ஊருக்குப் போன் போட்டு நடவைத் தள்ளி வைக்கச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து சகலை கத்தியது போனுக்கு வெளியேயும் கேட்டது. “நாத்துக்கிட்ட நீயே வந்து சொல்லு, முத்தாதேன்னு!”

நான் எழுந்தேன். முதலில் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்து, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம் சார், எங்கள் தயாரிப்பு உங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறதா?”

“அளிக்குதும்மா. என் வீட்டம்மா மல்லாந்து கிடக்குறாங்க மகிழ்ச்சியில.”

“மிக்க நன்றி சார். தயாரிப்புக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?”

“ஏம்மா, தட்டு இறங்கிருச்சுங்கறேன்!”

“புரியுது சார். இறங்குன தட்டுக்கு எத்தனை நட்சத்திரம் சார்?”

வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள். எழுதிக் கொடுத்தவனைத்தான் தேடுகிறேன். அவன் வீட்டில் யாருக்கும் முதுகே கிடையாது போலிருக்கிறது.

அடுத்து வீட்டுக்காரர். இந்த முறை நான் கீழே போகவில்லை. மாடிப்படியில் நின்றே பேசினேன், தெருவுக்கும் கேட்கட்டும் என்று.

“சார், உங்க டைல்ஸுக்குக் கோடு விழக் கூடாதுன்னு பாத்தீங்க. அங்க ஒரு மனுஷிக்கு முதுகே கோடு விட்டுக் கிடக்கு. இந்த வீட்ட யாருக்கு சார் கட்டுனீங்க? சோப்பு முட்டிக்குக் கீழ, குழாய் முட்டிக்குக் கீழ! வாடகைக்கு ஆள் வேணும்னா குனியத் தெரிஞ்ச ஆளா வேணும்னு போர்டு மாட்டியிருக்கணும் சார்!”

அவர் நிதானமாகச் செய்தித்தாளை மடித்தார். “ஏன் சார் கத்துறீங்க? கொள்முதல்ல ஈரம்னு சொல்லி நீங்க மூட்டையத் திருப்புறப்ப, அந்த விவசாயி கெஞ்சுனா விட்ருவீங்களா? உங்களுக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதி.”

சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொள்ளாமல், “ஈரம் ரெண்டு நாள் வெயில்ல காஞ்சா நான் எடுத்துக்குவேன் சார். முதுக எங்க சார் காயப்போடறது?” என்றேன். எதிர் வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சாதகமாகத்தான் என்று இன்றுவரை நம்புகிறேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “தரையில ரப்பர் பாய் போடுங்க” என்றார், உள்ளே போய்விட்டார். ரப்பர் பாய்! சோப்பை எடுக்க முடியவில்லை என்கிறவருக்கு ரப்பர் பாய்!

இன்னும் இரண்டு வாக்கியம் பாக்கி இருந்தது. அதற்குள் மேலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கீழ்க்குழாயில் முட்டி நின்ற கிளாம்பை அண்ணி கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதன் உள் ரப்பரை விரலால் தடவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு குழாயைத் தடவினாள், அதையும் முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். குறும்பு செய்தவன் எந்த பெஞ்சு என்று தெரிந்துவிட்ட பார்வை.

“சனிக்கிழமை” என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது, குழாயின் மேல் இன்னும் அந்த எண்ணெய்த் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து ஒரு கோடாக எண்ணெய் இறங்கி, கிளாம்ப் இருந்த இடத்தில் பளபளவென்று தேங்கி நின்றது. அதற்கு மேலே என் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஊர்ல உள்ளவன எல்லாம் சண்டைக்கு இழுத்தீங்களே தம்பி! வழுக்கு மரத்துக்கே இவ்ளோ எண்ண பூச மாட்டாங்க!”

“எண்ணெய்க் குளியல் எடுக்குற ஊர்ல விக்கிறவன், எண்ணெயத் தாங்குற மாதிரில்ல செய்யணும்?” என்றேன். என் காதுக்கே அது பலவீனமாகக் கேட்டது. ஆனால் இன்றைக்கும் அந்தக் கேள்வியை நான் வாபஸ் வாங்கவில்லை. பெட்டியில் செடி வைக்க இடமிருந்தவனுக்கு, ‘எண்ணெய் ஆகாது’ என்று இரண்டு சொல் போட இடமில்லையா? டைல்ஸை மார்போடு அணைத்துக்கொள்கிறவருக்கு இரண்டு ஓட்டை விட மனமில்லையா? என் தப்பு எண்ணெய் அளவுதான். அவர்கள் தப்பு சுவர் அளவு.

சிரித்து முடித்ததும் அண்ணி என் கையில் சீயக்காய்த் தூளையும் தேங்காய் நாரையும் கொடுத்தார். குழாயை மேலிருந்து கீழே மூன்று தரம் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றித் துடைத்தேன். ரப்பரைத் தனியாக ஊறவைத்துக் கழுவினேன். மனைவி கட்டிலில் படுத்தபடியே உத்தரவு சொல்ல, பழைய வேட்டியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக் குழாயில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கிளாம்பைக் கவ்வவிட்டுத் திருகினேன். அம்பு மேல்நோக்கி இருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்தோம். மறுநாள் முழுக்க அந்தச் செம்பை ஆளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வேட்டிப் பட்டையில் போட்டிருந்த பேனாக் கோட்டை விட்டு அது இறங்கவில்லை.

எனக்கும் தீர்ப்பு வந்தது. இனி எண்ணெய்க் குளியல் உள்ளே கிடையாது. கொல்லைப்பக்கம் போர்வெல் குழாயடியில்தான். அந்த இடம் வீட்டுக்காரரின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. துண்டைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வழிய, சனிக்கிழமைதோறும் அவர் ஜன்னலுக்கு முன்னால் நிற்கப்போகிறேன். டைல்ஸைப் பார்ப்பேன் என்றாரே, இதையும் பார்க்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணி புடவை மாற்றி, பையைக் கதவோரம் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பாமல் நின்றார். அவர் கிளம்புவதும் கிளம்பாததும் குளியலறைக்குள்ளே இருந்தது. என் மனைவி துண்டை எடுத்தாள். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. உள்ளே போனாள். தாழ் விழுந்தது.

ஹோஸ் சத்தம். அது நின்றது. மக் பக்கெட்டில் இடித்தது. பிறகு ஒன்றுமில்லை. டப்பா மூடி திறந்ததா? சோப்பு கைக்கு வந்ததா? அண்ணி பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கதவருகே போனேன்.

“ஏம்மா, தட்டு நிக்குதா? அந்தப் பேனாக் கோடு தெரியுதா பாரு. கோட்டுக்குக் கீழ இருந்தா உடனே சொல்லு, குனிஞ்சுடாத. இறங்குனாலும் இறங்கட்டும், போனாப் போவுது, நீ பிடிக்காத. சீயக்காய் டப்பாவ நடுவுல வச்சிருக்கேன், ஓரத்துல வைக்கல. சோப்பு வலது பக்கம். இல்ல, உனக்கு இடது பக்கம். சொல்லேன், வசதியா இருக்கா இல்லியா? அண்ணி பையோட நிக்கிறாங்க, பஸ் போயிடும். என்ன பண்ணிக்கிட்டிருக்க உள்ள?”

உள்ளேயிருந்து, தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவே, குரல் வந்தது.

“குளிக்கிறேன்.”